புது ஆட்டோமேட்டிக் காரில் கியர் உதறலும் மைலேஜ் குறைவும்: எங்கிருந்து பார்ப்பது?

கேட்டிருப்பது இது: வாங்கி நாலு மாதம், 4,200 கி.மீ. ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கியர்பாக்ஸ் ஏஎம்டி, அதாவது மேனுவல் பெட்டியின் கிளட்சையும் கியரையும் கணினியே இயக்கும் ஆட்டோமேட்டிக் வகை. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது உட்கார்ந்திருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பினால் வண்டி பின்னால் நழுவுகிறது. சென்னைக்குள் லிட்டருக்கு 12 தான் வருகிறது, ஷோரூமில் 22-க்கு மேல் என்றார்கள். சர்வீஸ் சென்டரில் சொன்னால், "ஏஎம்டின்னா அப்படித்தான் சார், ஓட ஓட சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேச முடியாமல் பலரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏஎம்டியின் சுபாவம் எது, உங்கள் வண்டியின் கோளாறு எது என்று பிரித்துக் காட்டாதவரை ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் கிடைக்கும். பிரித்துக் காட்ட எண்கள் வேண்டும். அதற்கு ஒரு டயர் கேஜ், வண்டிக் கணினியின் எண்களை ப்ளூடூத் வழியாகப் போனில் காட்டும் சாதாரண ஓபிடி டாங்கிள் ஒன்று, ஒரு நோட்டு, இரண்டு மூன்று வாரப் பொறுமை போதும்.

முதலில் மைலேஜ். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து அது போடும் கணக்கு, பெரும்பாலும் உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். "ரவுண்டா போட்டுக்கலாமா சார்" என்பதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி, அதே இடத்தில் அதேபோல் நிரப்புங்கள். 318 கி.மீ. ஓடி 25.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12.5. இப்படி மூன்று முறை எழுதினால் வருவதுதான் உங்கள் எண். ஒரே ஒரு முறை நிரப்பிப் பார்த்துச் சொல்வதில் ஒன்றரை கி.மீ. வரை பிசகு வரும், நாசில் எப்போது கட் ஆனது என்பதைப் பொறுத்து.

பங்க் மீது சந்தேகம் இருந்தால் அங்கேயே 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். எடையளவுத் துறை முத்திரையிட்ட பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடவோ குறையவோ அனுமதி. உங்கள் அளவுக்குக் குறையும் மைலேஜுக்கு அளவுக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

அடுத்து அந்த 22 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விளம்பர எண் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்தது. மொத்தம் 1,180 விநாடி, சுமார் 10.6 கி.மீ. அதிகபட்ச வேகம் 90, சராசரி 32-ஐ ஒட்டி. ஏசி போடமாட்டார்கள். காலை ஒன்பது மணிக்குக் கிண்டியைக் கடக்கும் யாருக்கும் மணிக்கு 32 சராசரி கிடைக்காது. உங்கள் வண்டியின் திரையில் சராசரி வேகம் என்று ஓர் எண் இருக்கும், பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மைலேஜ் புகார் சொல்லும் முன் பார்க்க வேண்டிய முதல் எண் அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் வரை சுமார் 12 கி.மீ., 50 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சிக்னலிலும் நெரிசலிலும் நின்ற நேரம் 18 நிமிடம். 1.2 லிட்டர் எஞ்சின் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் குடிக்கும். ஆக 18 நிமிடத்துக்கு 0.3 லிட்டர், ஓர் அடி நகராமலே. மீதி ஓட்டத்துக்கு லிட்டருக்கு 18 என்று வைத்தாலும் 12 கி.மீ.க்கு 0.67 லிட்டர். கூட்டினால் 0.97 லிட்டர். 12-ஐ 0.97-ஆல் வகுத்தால் 12.4. வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே 12 வந்துவிடும். சராசரி வேகம் 14, 15 என்று காட்டினால் உங்கள் 12-ல் பெரும்பகுதி சென்னைப் போக்குவரத்தின் கணக்கு. அது 25 காட்டியும் 12 தான் வந்தால் வண்டியைச் சந்தேகிக்கலாம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம் ஆற்றல் போகும், இ10-ஓடு ஒப்பிட அதில் பாதி. லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டியில் ஒன்று, ஒன்றேகால் குறையலாம். 22 இருந்தது 12 ஆனதற்கு இ20-ஐக் காரணம் காட்டினால் அதை ஏற்காதீர்கள்.

இப்போது வண்டிக்கு ஒரு நேர்மையான பரீட்சை. விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, செங்கல்பட்டில் டேங்கை நிரப்பி, திண்டிவனம் வரை போய் அதே பங்குக்குத் திரும்புங்கள். சுமார் 130 கி.மீ. ஏசி போட்டபடி, 80-ஐத் தாண்டாமல், முடிந்தவரை ஒரே சீராக. போக வர இரண்டும் ஓட்டுவதால் காற்றின் திசை ஒன்றுக்கொன்று ஓரளவு கழிந்துவிடும். இந்த அளவு எஞ்சின் உள்ள சிறிய வண்டி 19, 20 கொடுத்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. 16-க்குக் கீழே போனால் வண்டியில் ஏதோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

தேடும்போது கியரையும் மைலேஜையும் இரண்டு தனிப் புகாராக எடுக்காதீர்கள். இரண்டையும் ஒருசேரக் கெடுக்கும் காரணங்கள் சில உண்டு. அவை மலிவானவை, கியர்பாக்ஸைத் தொடாமலே பார்க்கக்கூடியவை. அவற்றை முடித்துவிட்டுத்தான் கியர்பாக்ஸுக்குப் போக வேண்டும்.

அதில் முதலாவது எஞ்சின் சூடு. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், எஞ்சின் தன் சூட்டை எட்டாது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் பெட்டியும், எஞ்சின் சூடாகவில்லை என்ற தகவலை வைத்து, மேல் கியருக்குத் தாமதமாகப் போகும். ஒரே ஒரு சிறிய வால்வு, இரண்டு புகார். சிறிய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் கிடையாது, ஒரு நீல விளக்கு மட்டும்தான். அது எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே அணைந்துவிடும், ஆகவே அதை வைத்து முடிவுகட்ட முடியாது. டாங்கிளை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் செருகி, கூலண்ட் வெப்பநிலையைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பத்து நிமிட ஓட்டத்துக்குள் 80 டிகிரியைத் தாண்டி, பிறகு 85-க்கும் 100-க்கும் இடையில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது 70-க்கு இறங்கி, சிக்னலில் நின்றால் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்தான். பி0128 (P0128) என்ற கோளாறுக் குறியீடும் கணினியில் பதிவாகியிருக்கலாம்.

இரண்டாவது பிரேக். 20 நிமிடம் ஓட்டிவிட்டு, கடைசி அரை கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் இரண்டும் ஒரே மாதிரி, பின் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் அதிகம் இறுக்கப்பட்டிருப்பதும், விற்பனைக்கு முன் யார்டில் மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், பிரேக் கட்டையை அழுத்தும் கேலிப்பரின் பின் இறுகியிருப்பதும் புது வண்டியிலும் நடக்கும். சமதரையில் நியூட்ரலில் ஒரு ஆள் தள்ளினால் வண்டி சிரமமில்லாமல் உருள வேண்டும். அதுவே நல்ல சோதனை.

பிரேக்கோடு சேர்ந்தது பிரேக் சுவிட்ச். இதை மெக்கானிக்குகளே பல நேரம் மறந்துவிடுவார்கள். பெடலுக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்ச், பின்விளக்கை எரிய வைப்பதோடு நிற்பதில்லை. ஏஎம்டியில் கிளட்சை எப்போது விடுவது, எப்போது சேர்ப்பது என்பதற்கும் கியர்பாக்ஸ் கணினி அந்தத் தகவலைத்தான் கேட்கிறது. நீங்கள் காலை எடுத்த பிறகும் பிரேக் மிதித்திருப்பதாகவே தகவல் போனால், தானாக ஊர்ந்து நகரும் தன்மை வராது, ஏற்றத்தில் கிளட்ச் தாமதமாகச் சேரும், வண்டி பின்னால் நழுவும். இரவில் சுவருக்கு முன் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, பெடலிலிருந்து காலை மெல்ல எடுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் உடனே மறைய வேண்டும். வாங்கிய கையோடு போட்ட தடித்த தரைவிரிப்பு ஏதாவது பெடலுக்கு அடியில் இடிக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். கம்பெனி விரிப்பின் மேல் இன்னொரு 7டி விரிப்பு போட்ட வண்டிகளில் ஆக்சிலேட்டர் முழுதாகத் திரும்பாததும், பிரேக் லேசாக மிதிபட்டே இருப்பதும் நடக்கிறது.

மூன்றாவது பேட்டரி. ஏஎம்டிக்கு மின்சாரம் மிக முக்கியம். ஹைட்ராலிக் வகையில் ஒரு சிறிய மோட்டார் பம்ப் அழுத்தத்தை ஏற்றிவைக்கிறது, அந்த அழுத்தத்தால்தான் கிளட்சும் கியர் செலக்டரும் நகர்கின்றன. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் "ஊய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் அந்தப் பம்ப். யார்டில் கிடந்து வலுவிழந்த பேட்டரியோடு டெலிவரி ஆன வண்டியில் கியர் மாறுவது தயங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல் மல்டிமீட்டர் 12.4-க்குக் கீழே காட்டினால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் சிக்னலில் எஞ்சின் தானாக அணையும் வசதி இருந்து, அது ஒருநாளும் வேலை செய்யவில்லை என்றால் அதுவும் பேட்டரி பக்கம் கைகாட்டும் அறிகுறி. சாதாரண ஓபிடி டாங்கிளைச் செருகியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள், அதுவும் பேட்டரியைக் குடிக்கும்.

நான்காவது டயர். யார்டிலிருந்து கிளம்பும் வண்டியில் காற்று தாறுமாறாக இருக்கும். ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்றிருக்க 25-ல் ஓடினால் மைலேஜும் போகும், டயர் ஓரமும் தேயும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, அலாய் வீல் மாற்றும் ஆசையில் பெரிய டயர் போட்டிருந்தால். மொத்த விட்டம் கூடினால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். நீங்கள் 104 கி.மீ. ஓடினால் அது 100 என்று சொல்லும், மைலேஜ் கணக்கே தப்பு. சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் வண்டி ஓடும் வேகத்துக்கும் உள்ள பொருத்தம் மாறுவதால் கியர் மாறும் நேரமும் பிசகும்.

ஐந்தாவது, காற்று உள்ளே போகும் வழி. முதல் இலவச சர்வீஸில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூடும்போது ஒரு கிளிப் சரியாக உட்காராமல் போவது சாதாரணம். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். தெருவில் நிறுத்தும் வண்டியாக இருந்தால் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சும் தேங்காய் நாரும் அடைத்து ஃபில்டரே மறைந்துபோயிருக்கும் வண்டிகள் உண்டு, அங்கேயே ஒயரும் கடிபட்டிருக்கும். டாங்கிளில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கணினி தன் அடிப்படைக் கணக்கிலிருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது அது. சூடான எஞ்சினில் கூட்டல் கழித்தல் 5-க்குள் இருந்தால் கவலையில்லை. இ10-லிருந்து இ20-க்கு மாறினாலே 4 சதவீதம் போலக் கூடும், எத்தனாலுக்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் கூடுதலாகவும் வேண்டும் என்பதால். கூட்டல் 10-ஐத் தாண்டினால் அளவிடப்படாத காற்று உள்ளே வருகிறது அல்லது எரிபொருள் அழுத்தம் குறைவு. கழித்தல் 10-ஐத் தாண்டினால் எங்கோ பெட்ரோல் அதிகம் போகிறது. பி0171, பி0172 என்ற குறியீடுகள் இதே இரண்டு நிலையைத்தான் சொல்கின்றன. ஒன்று மட்டும்: எந்தக் குறியீடு தெரிந்தாலும் செயலியில் அழித்துவிடாதீர்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு என்ன என்ற தகவலும் கூடவே அழிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் உங்களுக்கு இருக்கும் நல்ல சாட்சி அதுதான். திரையைப் படமெடுத்து வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உதறல் தொடர்ந்தால் கியர்பாக்ஸுக்கு வரலாம். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஒரே ஒரு உலர் கிளட்ச். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோ மூலம் பரவிய தொழில்நுட்பம் இது. கிளட்ச் விலகி, கியர் மாறி, மறுபடி சேரும் அந்த அரை நொடியில் சக்கரத்துக்கு இழுவை இருக்காது. நீங்கள் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடைவெளி தலையாட்டலாகத் தெரியும். இதுதான் சுபாவம்.

சுபாவமா கோளாறா என்று அறிய எளிய வழி: காலியான ரோட்டில் மெதுவாக வேகமெடுத்து, 15, 20 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியர் விழப்போகும் நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கால்வாசி தளர்த்தி, விழுந்ததும் மறுபடி அழுத்துங்கள். நாலைந்து முறை செய்தால் கால் பழகிவிடும். ஆட்டம் பெரும்பாலும் மறைந்துவிட்டால் பெட்டியில் பழுதில்லை. இப்படிச் செய்தும் முட்டுகிறது, அல்லது காலையில் நன்றாக இருந்து அரைமணி நெரிசலுக்குப் பிறகு மட்டும் முட்டுகிறது, அல்லது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே பழைய வாஷிங் மெஷின் போல வண்டி முழுக்க உதறுகிறது என்றால் கோளாறு. கியர் எடுக்காமல் நியூட்ரலுக்குத் திரும்பி கியர் எழுத்து மின்னுவது, பம்ப் சத்தம் நின்ற இடத்திலேயே சில விநாடிக்கொருமுறை திரும்பத் திரும்பக் கேட்பது, இவையும் கோளாறுதான். கடைசியாகச் சொன்னது எங்கோ அழுத்தம் கசிகிறது என்பதற்கு அடையாளம். ஆக்சுவேட்டர் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் கிளட்ச் சேரும் புள்ளி மாறியிருப்பது. சர்வீஸ் ஆட்கள் இதைக் கிஸ் பாயிண்ட் என்பார்கள். கிளட்ச் தட்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் பிடிக்கத் தொடங்கும் என்று கணினி ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. புதுத் தட்டு முதல் சில ஆயிரம் கி.மீ.யில் படிந்து உட்காரும்போது அந்தப் புள்ளி நகரும். கணினியும் தானாகவே கற்றுக்கொள்ளும், ஆனால் எப்போதும் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. கம்பெனி ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போது, சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு மறுபடி கற்பிக்கலாம். சில நிமிட வேலை. உங்கள் வண்டிக்கு முதலில் கேட்க வேண்டியது இதுதான். கூடவே கியர்பாக்ஸ் கணினிக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பழைய வெர்ஷன் எண்ணையும் புதிய எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். மேனுவல் மோடில் மூன்றாவது கியரில் வைத்து 40-ல் சீராகப் போங்கள். ஆர்பிஎம் 2,200 காட்டுகிறது என்று வையுங்கள். அதே கியரில் 60-ல் 3,300 காட்ட வேண்டும், அதே விகிதம், ஒரு துளி மாறக் கூடாது. இப்போது 40-க்கு வந்து ஆக்சிலேட்டரை முக்கால்வாசி அழுத்துங்கள். முழுக்க அழுத்தினால் சில வண்டிகள் மேனுவல் மோடிலும் கீழ் கியருக்கு இறங்கிவிடும். வேகமும் ஆர்பிஎம்மும் கைகோத்து ஏற வேண்டும். வேகம் 43-லேயே நிற்க ஆர்பிஎம் மட்டும் 2,900-க்குத் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. வழுக்கும் கிளட்ச் பெட்ரோலைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறது, ஆகவே மைலேஜும் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீட்டரை வீடியோ எடுக்கட்டும். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம்.

4,000 கி.மீ.யில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் இரண்டு காரணம். ஒன்று, எஞ்சின் பின்பக்க சீல் கசிந்து தட்டில் ஆயில் பட்டிருக்கலாம். இது உற்பத்திக் குறை, வாரண்டியில் வரும். மற்றொன்று ஓட்டும் விதம். மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்தி வண்டியை அந்தரத்தில் நிறுத்துவது, அதுதான் ஏஎம்டி கிளட்சைக் கொல்லும் பழக்கம். கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இதைக் கொஞ்ச நேரம் செய்தால் தாங்கும், ஏஎம்டியில் தட்டு தேய்ந்து கருகுகிறது. ஏற்றத்தில் பிரேக்கில்தான் நிற்க வேண்டும். ஹில் ஹோல்ட் இருந்தால் பிரேக்கை நன்றாக அழுத்தி, பிறகு காலை எடுத்தாலும் இரண்டு விநாடி போல வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் ஆக்சிலேட்டர் மிதிக்க வேண்டும். இல்லாத வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டர் மிதித்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் விடுங்கள். லைசென்ஸுக்குப் பழகும்போது மேனுவலில் செய்தது அப்படியே இங்கும். நெரிசலில் முன் வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊராமல், ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு ஒரே நகர்த்தலாகப் போனால் கிளட்ச் சேரும் தடவைகள் பாதியாகும். அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் நியூட்ரல். மால் பார்க்கிங் சரிவுகளில் மேனுவல் மோடில் முதல் கியர்.

பழக்கத்தைச் சொல்வது உங்கள்மேல் பழி போட அல்ல. கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள் என்று சொல்லி வாரண்டியை மறுப்பது வழக்கம், அந்த வாசலை நீங்களே திறந்துவைக்கக் கூடாது என்பதற்காகத்தான். கருகல் வாடை வந்த நாளை நோட்டில் எழுதுங்கள்.

வேறு வகைப் பெட்டி உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடியில் ஆர்பிஎம் முதலில் ஏறி வேகம் பின்னால் வருவது இயல்பு, ஆனால் சீரான 60-ல் அதிர்வதும் ஆர்பிஎம் மேலும் கீழும் அலைவதும் இயல்பல்ல. அதற்கான தனி ஆயிலுக்குப் பதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் ஸ்டீல் பெல்ட் பாழாகும். டார்க் கன்வர்ட்டர் வகையில் 80-ல் சீராகப் போகும்போது ஆக்சிலேட்டரை லேசாகக் கூட்டிப் பாருங்கள். கியர் மாறாமலே ஆர்பிஎம் 200, 300 தாவினால், எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் சேரவில்லை. அதனால் நெடுஞ்சாலை மைலேஜ் நேரடியாகக் குறையும், பி0741 பதிவாகலாம். 50, 60-ல் வரிவரியான வேகத்தடை மேல் ஓடுவதுபோல் நடுங்கினாலும் லாக்-அப்பையும் ஆயிலையும்தான் பார்க்க வேண்டும். ஆயில் அளவைக் கம்பெனி சொன்ன சூட்டில் மட்டுமே பார்க்க முடியும், சும்மா பார்த்துவிட்டேன் என்றால் ஏற்க வேண்டாம். உலர் கிளட்ச் டிசிடிக்கு (இரட்டைக் கிளட்ச் பெட்டி) ஏஎம்டிக்குச் சொன்ன நெரிசல் பழக்கங்கள் அத்தனையும் பொருந்தும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது "மைலேஜ் வரலை, ஜெர்க் அடிக்குது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்றுதான் ஏறும். நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணத்துக்கு: "எஞ்சின் சூடான பின், ஏசி ஆன், 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் 1-லிருந்து 2-க்கு மாறும்போது முட்டுகிறது. 3-வது கியரில் 40-ல் முக்கால் ஆக்சிலேட்டருக்கு ஆர்பிஎம் 2,200-லிருந்து 2,900, வேகம் 43. வீடியோ உள்ளது. டேங்க் நிரப்பி மூன்று முறை அளந்த மைலேஜ் 12.5, 12.1, 12.6. சராசரி வேகம் 15. நெடுஞ்சாலையில் 80-ல் 15.2. கிஸ் பாயிண்ட் கற்பித்து, ஸ்கேன் அறிக்கை அச்செடுத்துத் தரவும்." இந்த வரிகள் அப்படியே ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அட்வைசர் ஓட்டிப் பார்ப்பது போதாது. டெக்னீஷியனோ ஒர்க்ஸ் மேனேஜரோ உங்களோடு உட்கார்ந்து, நீங்கள் சொல்லும் அதே நிலையில், எஞ்சின் சூடான பிறகு ஓட்ட வேண்டும். "கோளாறு எதுவும் இல்லை" என்று முடித்தாலும் பரவாயில்லை, அதையும் எழுத்தில் வாங்குங்கள். தேதி போட்ட மூன்று ஜாப் கார்டுகளில் ஒரே புகார் இருப்பது பின்னால் பெரிய பலம்.

அதுவரை வெளியே எதையும் செய்ய வேண்டாம். ஒயரை வெட்டி அலாரமோ விளக்கோ மாட்டுவது, எஞ்சின் கணினியின் சாஃப்ட்வேரை மாற்றும் ரீமேப், வெளி மெக்கானிக் கியர்பாக்ஸைத் திறப்பது, எதுவானாலும் வாரண்டியை மறுப்பதற்குக் காரணமாகிவிடும். உங்கள் வண்டிக்கு ரீகால் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

மூன்று முறை போயும் தீரவில்லை என்றால் டீலரைத் தாண்டி, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எல்லா ஜாப் கார்டு எண்களோடும் மின்னஞ்சல் அனுப்பி, ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், கிளட்ச் அல்லது ஆக்சுவேட்டர் மாற்றத்துக்கு ஒப்புதல் தரக்கூடியவர் அவர்தான். அங்கும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே போகலாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். உற்பத்திக் குறை என்று சொன்னால் ஆணையம் நிபுணர் அறிக்கை கேட்கும். அந்த நிபுணர் முதலில் கேட்கப்போவது உங்கள் நோட்டில் உள்ள எண்களையும், அழிக்காமல் வைத்திருந்த அந்தக் கோளாறுக் குறியீட்டின் படத்தையும்தான்.